எக்கியார்குப்பம் நச்சுச் சாராய இறப்புகள் (2023)

எக்கியார்குப்பம் நச்சுச் சாராய இறப்புகள் என்பது 2023 ஆம் ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்துள்ள எக்கியார்குப்பம் என்னும் மீனவ ஊரில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த நிகழ்வைக் குறிக்கும். இதில் 14 பேர் இறந்தனர். அதே நாட்களில் அண்டை மாவட்டமான செங்கல்பட்டில், மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர்ப் பகுதியில் 8 பேர் இறந்தனர். இவ்விடங்களில் குடிக்கப்பட்டது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம் அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நச்சு நீர்மம் ஆகும். செய்திகளில் "கள்ளச்சாராயச் சாவு" என்று பொதுவாகக் குறிக்கப்படுவதால் இவ்வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை.

நிகழ்வு

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். வருவாய் நிருவாகத்தில் அது திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்தது. அதன் தெற்கே சிறிது தொலைவில் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது. புதுச்சேரியில் உரிமம் பெற்ற சாராயக்கடைகள் நெடுங்காலமாக இயங்கி வருவதாலும், மது விலை தமிழ்நாட்டை விடக் குறைவாக இருப்பதாலும், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களுக்கு எல்லை கடந்து மது வருவது பழைய வழக்கம். குறுகிய ஊர்ச்சாலைகள் பல இருப்பதால் சோதனைச் சாவடிகளால் மட்டும் இதனைத் தடுக்க முடிந்ததில்லை.

2023 மே 13 ஆம் நாள் எக்கியார்குப்பத்தின் வம்பாமேடு பகுதியில் விற்கப்பட்ட சாராயத்தை அவ்வூரார் பலர் வாங்கிக் குடித்தனர். பின்னர் அவர்களுக்கு வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல் ஆகியன ஏற்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் புதுச்சேரியில் உள்ள மருத்துவமனைகளிலும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டனர். சிலர் முதல் நாளிலேயே இறந்தனர். மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறந்தனர். மே 15 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் முண்டியம்பாக்கத்திற்கு வந்து சிகிச்சை பெறுவோரைப் பார்த்தார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாயும், சிகிச்சை பெற்றோருக்குத் தலா 50,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது.

தடய அறிவியல் ஆய்வில், குடிக்கப்பட்ட நீர்மம் ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தெரிய வந்தது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த செ. சைலேந்திர பாபு, இது கள்ளச்சாராயம் அன்று, நச்சுச் சாராயம் என்று விளக்கம் அளித்தார். பழியைத் தட்டிக் கழிக்கும் பேச்சு எனச் சிலர் இதனைக் கருதினர். அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வேதியியல் வகையில் அவ்விளக்கம் சரியானதே.

வீட்டில் நொதித்த பானத்தில் இந்நஞ்சு உண்டாகுமா?

சாராயம் காய்ச்சுவோரின் கவனக்குறைவால், அல்லது ஊறல் "கெட்டுப்போனதால்", மெத்தனால் உண்டாகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பெரும்பாலும் தவறு. சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்யும்போது உண்டாவது எத்தனால். மெத்தனால் வருவது சர்க்கரையிலிருந்து அன்று. பழங்களின் சதையிலும் தோலிலும் உள்ள பெக்டின் என்னும் பொருள் சிதைவதால் வருகிறது. ஆகவே பழ மதுக்களில் அது சிறிதளவு இருக்கும். வாற்கோதுமையிலிருந்து செய்யும் பீர், அரிசியிலிருந்து செய்யும் சுண்டக்கஞ்சி, வெல்லத்தோடு வேலம்பட்டை இட்டுப் போடும் ஊறல் ஆகியவற்றில் பெக்டின் மிகக் குறைவு.

அளவைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். தூய மெத்தனால் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர், அதாவது 24 கிராம், ஒருவரின் உயிரைப் போக்கக்கூடும். பீரில் மெத்தனால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரையே காணப்படுகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் எனக் கொண்டால், 24 கிராம் உடலில் சேர 1,200 லிட்டர் பீர் குடிக்க வேண்டும். காய்ச்சி வடித்தால் செறிவு கூடுமே என்று கேட்கலாம். இதே கணக்கில் 20 லிட்டர் ஊறலில் இருக்கும் மெத்தனால் முழுவதும் ஒரே புட்டியில் இறங்கிவிட்டது எனக் கொண்டாலும், அது அரை கிராமைத் தாண்டாது. மெத்தனால் 64.7 பாகை செல்சியசிலும் எத்தனால் சுமார் 78 பாகையிலும் கொதிப்பதால் முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பார்கள். நீரும் எத்தனாலும் கலந்த கரைசலில் அவை அப்படித் தனித்தனியாகப் பிரிந்து வருவதில்லை.

வீட்டில் நொதித்த பானங்களால் உடல்நலக் கேடே வராது என்று இதற்குப் பொருள் அன்று. வெயில் மிகுந்த இடத்தில், கூடுதல் வெப்பத்தில் நொதித்தால் உயர் ஆல்ககால்கள் மிகுந்து தலைவலி தரும். நொதித்தல் முடியாத பானத்தில் உள்ள உயிருள்ள ஈஸ்ட் வயிற்று உப்புசத்தை உண்டாக்கும். வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்தால் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் சேர்ந்து, சிலருக்கு முகச் சிவப்பு, மூக்கடைப்பு, தடிப்பு ஆகியவை தோன்றும். ஈயப் பற்றுள்ள பாத்திரங்களில் காய்ச்சினால் ஈயம் கலக்கும். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம் போன்ற மயக்க மருந்துகளைக் கலப்பது நெடுநாளாக உள்ள தொல்லை. அதற்குப் பழகியவர்கள் திடீரென நிறுத்தும்போது வலிப்பு, பிதற்றல் முதலியன வருவதும் உண்டு. இவற்றுள் எதுவும் ஓர் ஊரில் ஒரே இரவில் பலரது கண்ணைப் பறித்துக் கொல்லாது. அவ்வாறு நிகழ்ந்தால் பெரும்பாலும் மெத்தனால் வெளியிலிருந்து கலக்கப்பட்டிருக்கும்.

மெத்தனால் வரும் வழி

ஊறல் போட்டுக் காய்ச்சுவதற்குப் பல நாட்கள் வேண்டும். வெல்லம், பானை, விறகு, மறைவான இடம், தண்ணீர் ஆகியன வேண்டும். புளித்த வாடையும் அடுப்புப் புகையும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். கல்வராயன் மலைப்பகுதியில் காவல்துறையினர் ஊறல்களைக் கண்டுபிடித்து அழிப்பது அடிக்கடி வரும் செய்தியாகும். சமவெளியிலும் கடற்கரையிலும் இது எளிதன்று. ஆகவே அங்குள்ள கள்ள வணிகர்கள் ஆலைகளிலிருந்து வெளியேறும் எரிசாராயத்தைக் கேன்களில் வாங்கி, தண்ணீர் கலந்து விற்கத் தொடங்கினர். இதில் காய்ச்சும் வேலையே இல்லை. விற்பவர் தாம் விற்பது என்ன என்பதைத் தம் கண்ணாலும் மூக்காலும் அறிய வழியும் இல்லை. எரிசாராயமும் மெத்தனாலும் நிறமற்றவை; மணத்திலும் சுவையிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பவை. வண்ணப்பூச்சு, வார்னிஷ், பசை, பார்மால்டிகைடு ஆகியவற்றின் உற்பத்தியில் பயன்படும் மெத்தனால் விலை குறைவாகவும் கிடைக்கிறது.

2023 நிகழ்வில், சென்னையை அடுத்த வானகரத்தில் இயங்கிய ஓர் இரசாயன ஆலையிலிருந்து மெத்தனால் புதுச்சேரியைச் சேர்ந்தவர் வழியாக மரக்காணத்திற்கும் சித்தாமூருக்கும் சென்றது எனக் காவல்துறை கூறியது. ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு மாவட்டங்களில் சாவு நேர்ந்ததன் காரணம் இதுவே. காய்ச்சும் இடம் ஒன்று என்றால் பாதிப்பு அக்கம்பக்கத்தோடு நின்றிருக்கும்.

உடலில் நிகழ்வது

மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சு அன்று. அது எத்தனாலை விடக் குறைந்த போதையையே தரும். கல்லீரலில் உள்ள ஆல்ககால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதனைப் பார்மால்டிகைடாகவும், அடுத்தொரு நொதி அதனைப் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. எறும்புக் கடியில் எரிச்சல் தருவது இதே அமிலமே. மனித உடல் இவ்வமிலத்தை மெதுவாகவே வெளியேற்றும். அது சேரச் சேர இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது; உயிரணுக்களின் இழைமணிகள் ஆக்சிசனைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் பார்வை நரம்பும் மூளையின் ஆழ்பகுதிகளும் முதலில் கெடுகின்றன. கண் முன் வெண்மையான மூட்டம் பரவுவதாக நோயாளிகள் சொல்வது இதனால்தான். பிழைத்தவர்களுள் சிலர் நிலையாகப் பார்வை இழக்கின்றனர்.

இம்மாற்றம் நடக்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை குடித்தவருக்குக் குறிப்பிடத்தக்க தொல்லை எதுவும் தெரியாது. கூடவே நல்ல மது அருந்தியிருந்தால் இவ்விடைவெளி மேலும் நீளும், ஏனெனில் அந்நொதி எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும். இந்த இடைவெளியே மெத்தனாலின் மிகப் பெரிய கொடுமை எனலாம். முந்திய இரவு குடித்ததற்கும் மறுநாள் மாலை வரும் வயிற்று வலிக்கும் தொடர்பு இருப்பதாக வீட்டார் எண்ணுவதில்லை. சித்தாமூர்ப் பகுதியில் முதலில் இறந்தவர்கள் குடும்பத் தகராற்றால் நஞ்சருந்தியதாகக் கருதப்பட்டனர் எனச் செய்திகள் வெளியாயின. 2024 சூனில் கள்ளக்குறிச்சியிலும் முதல் இறப்புகளுக்குச் சாராயம் காரணம் அன்று என்றே மாவட்ட நிருவாகம் முதலில் கூறியது. சாவுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் கூறின. காரணம் தெரியாத சாவு என்று கழிகின்ற ஒவ்வொரு மணி நேரமும் விற்பனை தொடர்கிறது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

மருத்துவம்

உரிய நேரத்தில் கண்டறிந்தால் இந்நஞ்சுக்கு நல்ல மருத்துவம் உண்டு. அடிப்படை எளியது: மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறாமல் தடுத்துவிட்டால், அது மாறாத நிலையிலேயே மெல்ல வெளியேறும். பொமெபிசோல் என்னும் மருந்து அந்நொதியை முடக்குகிறது. இது உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளதெனினும் விலை மிக்கது. எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. அது இல்லாத இடங்களில், தூய எத்தனாலை அளவறிந்து குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ கொடுக்கின்றனர். நொதி எத்தனாலைப் பத்து மடங்கிற்கும் மேல் விரும்பிப் பற்றுவதே இதன் பயன். இதனைக் கேள்விப்பட்டு, வீட்டில் மேலும் மது கொடுப்பது பேரிடராகும்; இரத்தத்தில் அளவை ஒரே நிலையில் வைத்திருப்பது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இயலும். இரத்த அமிலத்தன்மையைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட்டும், பார்மிக் அமிலம் சிதைவதை விரைவுபடுத்தப் போலினிக் அமிலமும் தரப்படுகின்றன. முற்றிய நிலையில் இரத்தச் சுத்திகரிப்பு தேவை.

இங்கு ஊர் இருக்கும் இடம் முக்கியமாகிறது. பலருக்கு ஒரே நேரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு செய்யச் சிற்றூர் மருத்துவமனைகளால் முடியாது. மரக்காணத்துக்காரருக்குப் புதுச்சேரி அருகில் என்பது ஓரளவு நன்மையாக அமைந்தது. குடித்த பின் இன்னும் நலமாக இருப்பவர்களையும் தேடிக் கொண்டுவர வேண்டும். அவர்களுக்கே மருத்துவத்தின் பயன் மிகுதி.

பிற நிகழ்வுகள்

தமிழ்நாட்டில் 2001 ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் 50க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தனர். 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தலைநகரில், கருணாபுரம் பகுதியில், 2024 சூன் மாதம் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எக்கியார்குப்பம் நிகழ்ந்து பதின்மூன்று மாதமே ஆகியிருந்தது. முழு மதுவிலக்கு உள்ள குசராத்திலும் (2009, 2022), மது விற்பனை உள்ள மும்பையின் மால்வணியிலும் (2015) இத்தகைய சாவுகள் நேர்ந்துள்ளன. எஸ்தோனியாவின் பார்னு நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2001 ஆம் ஆண்டு 68 பேர் இறந்ததும் இதே நஞ்சினால்தான். ஆகவே மதுவிலக்கு இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது என்றோ, மறுதலையாகவோ கூறிவிட முடியாது. குடிப்பவரின் வறுமையும், மெத்தனால் கணக்கின்றிக் கைமாறுவதும் இந்நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

சட்டம்

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மெத்தனாலை வைத்திருப்பதும் விற்பதும் 1959 ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டவை. எரிசாராயம், மெத்தில் ஆல்ககால், வார்னிஷ் ஆகிய மூன்றும் அவ்விதிகளின் பெயரிலேயே சேர்ந்து இடம்பெறுகின்றன. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் 2024 சூன் 29 அன்று சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. இறப்புக்குக் காரணமான சாராயத்தை விற்றால் வாழ்நாள் சிறையும், 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க அத்திருத்தம் வழி செய்கிறது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கள்ளக்குறிச்சி வழக்கை மத்தியப் புலனாய்வுப் பிரிவுக்கு மாற்றியது.