லில்லி இலையைத் திருப்பிப் பாருங்கள்

முதல் மழை விழுந்து பத்து நாளில் எங்கள் கிணற்றடி ஸ்பைடர் லில்லி கரும்பச்சையாய்த் தழைத்துவிடும். ஒரு வருடம் அந்தச் சமயத்தில் வெளியூர் போய் ஐந்தாம் நாள் திரும்பினோம். பாத்தியில் இலைகளே இல்லை; நடுநரம்புகள் மட்டும் ஈர்க்குச்சிபோல் நின்றன. மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து அடித்ததில் புழுக்கள் செத்தன. ஆனால் அந்த வருடம் ஒரு பூவைக்கூடப் பார்க்க முடியவில்லை. லில்லியைக் காப்பாற்றும் வேலை புழு கண்ணில் படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊர்த் தோட்டங்களில் இந்த நாசத்தைச் செய்வது பெரும்பாலும் லில்லிப் புழு. பாலிடெலா குளோரியோசே என்பது அதன் அறிவியல் பெயர். பெயரிலேயே குளோரியோசா, அதாவது கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தள், இருக்கிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயிகளுக்கு இது பழைய எதிரி. வீட்டில் ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில், அமரில்லிஸ், மழை லில்லி எல்லாவற்றையும் தின்னும்.

1. ஆளை அடையாளம் காணுங்கள்

தாய் அந்துப்பூச்சியின் முன்சிறகில் கருப்பும் சிவப்பும் மஞ்சளும் கோலமிட்டதுபோல் இருக்கும். அது இலையின் அடிப்புறத்தில் முட்டைகளைக் கூட்டமாக இடும். புழுவுக்குக் கருப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள், செம்மஞ்சள் திட்டுகள். குஞ்சுப் புழுக்கள் ஒன்றாகக் கூடி இலையின் பச்சையைச் சுரண்டும். வளர்ந்தவை இலை முழுவதையும் முடித்துவிட்டுப் பூந்தண்டுக்குள்ளும் இறங்கும்.

இலை இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்து, எறும்பும் ஏறி இறங்கினால் அது மாவுப்பூச்சி. இலையில் வெள்ளிக் கோடுகள் விழுந்து மொட்டு கருகினால் இலைப்பேன். இந்த இரண்டுக்கும் சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயுமே பெரும்பாலும் போதும்.

2. வாரம் இரண்டு முறை இலையைத் திருப்புங்கள்

மழைக்காலம் முழுவதும் இதை விடக்கூடாது. மேலிருந்து பார்த்தால் முட்டை தெரியாது. ஒவ்வொரு கொத்திலும் நாலைந்து இலைகளைப் பிடித்து அடிப்புறத்தைப் பாருங்கள். கண்ணாடித் தாள்போல் வெளுத்த திட்டு தெரிந்தால் குஞ்சுகள் வெளிவந்துவிட்டன என்று அர்த்தம்.

3. முட்டை இருக்கும் பகுதியை நறுக்குங்கள்

இலை முழுவதையும் வெட்ட வேண்டாம். கிழங்குக்குச் சோறு போடுவது இலைதான். முட்டைக் கூட்டம் இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குப்பைக்குழியில் எறிந்தால் அங்கேயே பொரித்துவிடும்.

4. புழுவைக் கையால் எடுங்கள்

காலையிலோ சாயங்காலமோ, ஒரு குவளைச் சோப்புத் தண்ணீரை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு புழுக்களை அதில் தட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து செடிகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், லில்லிச் செடிகளின் சாறு சிலருக்கு அரிக்கும். செங்காந்தளின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கில், கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

5. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள்

கையால் எடுத்துத் தீராத அளவுக்குப் பெருகினால் இது. தோல் நீக்கிய வேப்பம்பருப்பு 50 கிராம் எடுத்துக் கொரகொரப்பாக இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் முடிச்சைப் பிழிந்தால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். வெளுக்காவிட்டால் கொட்டை பழசு, வீரியம் போயிருக்கும். கரைசலை வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேருங்கள். லில்லி இலை மெழுகுத்தன்மை உள்ளது. சோப்பு இல்லாவிட்டால் கரைசல் முத்து முத்தாய் உருண்டு விழுந்துவிடும்.

சாயங்காலம் இலையின் இரு புறமும், குருத்தின் நடுவிலும் படும்படி தெளியுங்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்லாது. தின்ன விடாமல் செய்து, தோலுரிப்பதையும் தடுக்கும். மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று பதறாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி தெளியுங்கள். மீந்ததை எடுத்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரியுங்கள்.

6. இதற்கும் அடங்காவிட்டால்

பி.டி. எனப்படும் பாக்டீரியாத் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். தின்றால்தான் வேலை செய்யும். சிறு புழுக்களிடம் நன்றாகப் பலிக்கும். வண்ணத்துப்பூச்சிப் புழுக்களையும் பட்டுப்புழுவையும் இது கொல்லும் என்பதால் லில்லிமேல் மட்டும் படட்டும். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் தொடவே வேண்டாம்.

7. மண்ணைக் கிளறுங்கள்

பலரும் விட்டுவிடும் வேலை இது. கொழுத்த புழு செடியை விட்டு இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். செடி சுத்தமாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது அடுத்த தலைமுறை காலடியில் தயாராகிக்கொண்டிருக்கும். கிழங்கில் படாமல் இரண்டு மூன்று அங்குலம் கொத்திவிட்டு, கிடைக்கும் கூடுகளைப் பொறுக்கி அழியுங்கள். வெயிலும் கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இலை முழுவதும் போய்விட்டாலும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, ஒரு பிடி மக்கிய தொழுவுரம் போட்டுக் காத்திருங்கள். குருத்து வரும். அது வந்த அன்றிலிருந்தே இலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள்.