சித்தி வீட்டுத் தேத்தண்ணி

"என்ன, திரும்பவும் சிலோனா? சிங்கப்பூர், துபாயெல்லாம் கண்ணில் படாதா?" என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். என்ன செய்ய? என் சித்தி வாக்கப்பட்டது கொழும்பு வெள்ளவத்தையில். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகணும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு! இதுவரை ஆறு தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு இலங்கையைத்தான் பார்த்தேன்.

முதல் தடவை 2003-ல். கல்யாணமான புதிது. முந்தின வருஷம்தான் போர் நிறுத்த ஒப்பந்தம் ஆகியிருந்தது. தென்னை, வாழை, மழை எல்லாம் பார்த்து, "நம்ம நாஞ்சில் நாடு மாதிரியே இருக்கே!" என்று குதித்தேன். சாப்பாடும் அப்படித்தான். புட்டு, இடியாப்பம், சம்பல், சொதி. சொதிக்குக் கட்டிப்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். சண்டை நின்றிருந்தும், தெருமுனைக் கடைக்குப் போகக்கூட அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளும் பழக்கம் சித்திக்கு விடவில்லை. 1983 கலவரத்தைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்கமாட்டாள்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் பால்மா, அதாவது பால் பவுடர், கலக்கித்தான் தேத்தண்ணி. "பசும்பால் கிடையாதா சித்தி?" என்று முகம் சுளித்தேன். தொழுவத்துப் பாலில் வளர்ந்த திமிர்!

2009-ல் போர் முடிந்தது. 1990-ல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. 2015-ல் நானும் சித்தியும் அதில் போனோம். புது ஸ்டேஷன்கள் பளபளவென்று இருந்தன. வழியில் தலையில்லாத பனைமரங்கள் மட்டும் மொட்டை மொட்டையாக நின்றன. "எல்லாம் சரியாயிட்டு, இல்லையா சித்தி?" என்றேன். எதிர் சீட்டு அம்மாவின் மடியில் ஒரு போட்டோ. காணாமல் போன மகனாம். அதற்கப்புறம் யாழ்ப்பாணம் வரை நான் பேசவில்லை.

2022 ஜூனில் போனதுதான் மறக்க முடியாதது. அந்நியச் செலாவணி தீர்ந்து, வெளிநாட்டிலிருந்து சாமான் வாங்க முடியாமல் நாடே திணறிய சமயம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. கேஸுக்கும் பெட்ரோலுக்கும் நீள நீளமான வரிசை. கொழும்பிலிருந்து தூர தேசம் போகும் விமானங்கள் நம் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிப் போயின. தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து எல்லாம் கப்பலில் அனுப்பினார்கள்.

"சர்க்கரை மாத்திரை கிடைக்கல்ல மக்கா" என்று சித்தி போனில் சொன்னதும் கிளம்பிவிட்டேன். பெட்டியில் துணியைக் குறைத்து மாத்திரையும் நாலு பாக்கெட் பால் பவுடரும் வைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், மாடி வீட்டுப் பால்கனியில் மூன்று கல் கூட்டி விறகடுப்பு! சித்தி தந்தது வெறும் தேத்தண்ணி. பால் பவுடரைக் கையில் கொடுத்ததும், இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சிங்களப் பெண். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. அவள் "அம்மே" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். "உங்களுக்குத்தானே சுமந்துட்டு வந்தேன்?" என்றேன்.

"நமக்கென்ன மக்கா, வெறும் தேத்தண்ணி போதும். பிள்ளைக்குப் பால் வேண்டாமா?" என்றாள் சித்தி.

2024-ல் மறுபடி போனேன். கேஸ் அடுப்பு எரிந்தது, கடைகளில் சாமான் நிறைந்திருந்தது. பழைய விலைக்குத்தான் எதுவும் இல்லை. சித்தி தந்த பால்மா தேத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஊர் திரும்பினால், "சிலோன் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் கடற்கரையையும் கோயிலையும் பற்றி அளப்பேன். இப்போது, "அடுப்பு எரியுது, பிள்ளைகளுக்குப் பால் கிடைக்குது" என்கிறேன். வீட்டில் இருக்கும் நமக்கு ஒரு நாட்டைப் பற்றி அதைவிட வேறென்ன தெரியணும்?