காசும் நாணயமும்

பெட்டி நிறையப் பணமிருந்தும் அடுப்பெரியாத வீடு உண்டா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் செருமனியின் மேற்குப் பகுதி அவ்வாறுதான் இருந்தது. மக்கள் கையில் இரைக்சு மார்க்குத் தாள்கள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன, கடைகளில் பொருளில்லை. நகரத்துப் பெண்கள் போர்வையையும் வெள்ளிக் கரண்டியையும் பையிலிட்டு, நெரிசல் மிகுந்த தொடர்வண்டியில் சிற்றூர் சென்று, உருளைக்கிழங்குக்கு அவற்றை மாற்றி மீண்டனர். பணத்தாளை வாங்க மறுத்தவர், வெண்சுருட்டை எண்ணி வாங்கினர்.

இந்நோயின் வேர் யாது? போர்ச்செலவுக்கெனப் பணத்தை அளவின்றிப் பெருக்கிய அரசு, 1936 முதலே விலைகளை ஆணையால் நிறுத்தி வைத்திருந்தது. விலை என்பது துலாக்கோலின் நா. தட்டில் எடை ஏறும்போது நாவைப் பிடித்து நிறுத்தினால், எடையை அறியும் வழியே அடைபடும். உழைப்பின் பயனாய் மதிப்பற்ற தாளே கிட்டுமெனின் எவர் பொருளை வெளிக்கொணர்வர்?

1948 சூன் 20, ஞாயிற்றுக்கிழமை, இடாய்ச்சு மார்க்கு என்னும் புதிய பணம் பிறந்தது. ஆளுக்கு முதலில் 40 மார்க்கு வழங்கப்பட்டது. பொருளியல் அறிஞர் உலூதுவிக் எர்கார்டு, வாடகையையும் இன்றியமையா உணவுகளையும் விடுத்து, பல பொருள்களின் விலைக்கட்டை அவிழ்த்தார். மறுநாள் காலை கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சட்டிகளும் காலணிகளும் வரிசையாய் நின்றன. அதுவரை கிடங்குகளில் பதுங்கியிருந்தவை அவை. அமெரிக்காவின் மார்சல் திட்ட உதவியால் ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் வந்து சேர்ந்தன.

மருந்து கசந்தது. சேமித்த 100 பழைய மார்க்குக்கு இறுதியில் 6.50 புதிய மார்க்கே மிஞ்சியது. நிலமும் ஆலையும் உடையவர் தப்பினர். சிறுகச் சிறுகச் சேர்த்த முதியவர் இழந்தனர். விலைகள் ஏறவே, நவம்பர் 12-ஆம் நாள் 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1950 தொடக்கத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேருக்கு வேலையில்லை.

அப்புண்ணை ஆற்ற 1952-இல் சுமைப் பகிர்வுச் சட்டம் எழுந்தது. உடைமை தப்பியோர் அதன் மதிப்பில் பாதியை 30 ஆண்டுத் தவணைகளில் செலுத்தினர். வீடிழந்தோரும் ஏதிலியரும் ஈடு பெற்றனர். 1953-இல் இலண்டன் உடன்பாட்டில், செருமனிக்குக் கடன் கொடுத்திருந்தோரும் ஏறத்தாழப் பாதிக் கடனை விட்டுக்கொடுத்தனர். 1961-இல் வேலையற்றோர் நூற்றுக்கு ஒருவரளவே.

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என ஒரே பெயரிட்டது தமிழ். வீழ்ந்த நாடு எழ அவ்விரண்டும் வேண்டும். செருமானியர் முதற்பொருளை ஒரு ஞாயிறன்று பெற்றனர். இரண்டாம் பொருளைத் தவணை தவணையாய், 30 ஆண்டுகள் செலுத்திப் பெற்றனர்.