டீசல் வேறு, மண்ணெண்ணெய் வேறு

"இரண்டும் ஒரே கச்சா எண்ணெயில் பிறந்தவைதானே? பம்பு செட்டுக்கு ஊற்றும் டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன?" என்று விவசாயிகள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறது.

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் பலவிதமாகச் சேர்ந்த எத்தனையோ பொருள்களின் கலவை அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் கொதிக்கும். நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு, ஆவியாக்கிக் குளிரவைத்து வடிப்பது புதிதல்ல. ஆனால் இங்கே ஒரே கோபுரத்தில் பல சரக்குகள் தனித்தனியே வடிகின்றன.

சென்னை மணலியில் 1969-ல் இயங்கத் தொடங்கிய ஆலையிலும் இதே முறைதான். முதலில் எண்ணெயைத் தண்ணீர் சேர்த்துக் கழுவி உப்பை நீக்குவார்கள். இல்லையேல் குழாய்கள் அரித்துப்போகும். பிறகு உலையில் சுமார் 350 டிகிரி சென்டிகிரேடு அல்லது அதற்குச் சற்று மேலே சூடாக்கிக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் செலுத்துவார்கள். அடியில் சூடு அதிகம், உச்சியில் குறைவு. மேலே ஏறும் ஆவி தன் கொதிநிலைக்கு ஏற்ற தட்டில் குளிர்ந்து திரவமாகும். ஏறத்தாழ 250 முதல் 350 டிகிரி வரை கொதிக்கும் டீசல் கீழ்த்தட்டுகளில் சேரும். அதற்கு மேலே, 150 முதல் 250 வரை கொதிக்கும் மண்ணெண்ணெய். இன்னும் மேலே நாப்தாவும் பெட்ரோலுக்கான பகுதியும். உச்சியில் வெளியேறும் வாயுவிலிருந்து சமையல் எரிவாயு கிடைக்கிறது.

நாப்தா நமக்கு அந்நியமல்ல. மணலி உரத் தொழிற்சாலை அதிலிருந்துதான் பல்லாண்டுகள் யூரியா தயாரித்தது. 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

அடியில் தங்கும் கசடை மேலும் சூடாக்கினால் சிதைந்து கரி படியும். எனவே காற்றழுத்தம் குறைத்த வேறொரு கோபுரத்தில் வடிக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மசகு எண்ணெய்க்கும் மெழுகுக்கும் மூலம் இதில் வருகிறது. கடைசியில் மிஞ்சுவது சாலைத் தார்.

இப்போது கேள்விக்கு வருவோம். டீசல் எரிபொருள் மட்டுமல்ல. எரிபொருள் பம்பின் பிளஞ்சருக்கும் நாசிலுக்கும் அதுவே மசகு. மண்ணெண்ணெய் மெல்லியது, அந்த வழுவழுப்பு அதற்கு இல்லை. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஹைட்ரஜனைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறைகிறது. அதை ஈடுகட்டத் தனி மருந்து சேர்க்கிறார்கள். மண்ணெண்ணெயை ஊற்றினால் அதுவும் நீர்த்துப்போகும். பிளஞ்சர் தேயும், தூவல் கெடும், எஞ்சின் இழுக்காது. மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்கிடம் போகும்!

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு எஞ்சின்கள் உண்டு. அவை ஸ்பார்க் பிளக் உள்ளவை. அவற்றின் அமைப்பே வேறு. டீசல் எஞ்சினுக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

டீசலில் சந்தேகம் இருந்தால் பங்கிலேயே அடர்த்திமானியால் சோதித்துக் காட்டச் சொல்லலாம். வாங்கிய டீசலை மூடிய கேனில் ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் தண்ணீரையும் தூசியையும் விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி டாங்கில் ஊற்றவும்.