புதிய வண்டிக்கு முதல் எண்ணெய் மாற்றம் எப்பொழுது?

புதிதாக வாங்கிய கார் வீட்டு வாயிலில் வந்து நின்று, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முடிந்தவுடன், சுற்றி நிற்பவர்களிடையே எழும் முதல் வாதம் எண்ணெயைப் பற்றியதாகவே இருக்கும். “500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்துவிட வேண்டும்” என்பார் முன்னாளில் லாரி ஓட்டிய பெரியவர். “ஆயிரத்தில் மாற்றினால் போதும்” என்பார் மைத்துனர். வண்டியை விற்றவரோ, “பத்தாயிரம் வரையில் அதனைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருப்பார். மூவரும் பொய் சொல்லுகின்றார்கள் என்று கொள்ள வேண்டா. ஒவ்வொருவரும் தாம் பழகிய இயந்திரத்தை மனத்தில் வைத்துப் பேசுகின்றார். நம் சங்க உறுப்பினர்களுள் கார் வைத்திருப்போர் சிலரே; எனினும் மோட்டார் சைக்கிள், டிராக்டர், எண்ணெய் இயந்திரம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத குடும்பம் இன்று அரிது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

புதிதாகக் கொத்திய ஆட்டுக்கல்லை நம் தாய்மார்கள் எவ்வாறு பழக்குகின்றனர் என்பது யாவருக்கும் தெரியும். முதல் ஈடு தவிட்டையோ நொய்யையோ இட்டு ஆட்டி, கல்தூளோடு அதனைக் கொட்டிவிடுவார்கள். அதன் பின்னரே உளுந்து விழும். புதிய இயந்திரத்தினுள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறு அன்று. ஊடும் பாவும்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே இடுகின்றனர். அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அவற்றின் மேடுகளைத் தேய்த்துத் தமக்கேற்ற வழி செய்துகொள்ளும். இவ்வாறு ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று படிந்தால்தான் வெடிக்கும் வாயு கீழே கசியாது. எண்ணெயும் மேலே ஏறி எரியாது. தேய்ந்த மேடுகளின் நுண்துகள், தொழிற்சாலையில் தங்கிவிட்ட சிறு துகள், மூட்டுகளில் இட்ட பசையின் துணுக்கு ஆகிய யாவும் போய்ச் சேருமிடம் எண்ணெயே. இத்தேய்மானம் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் மிகுதியாகவும், பின்னர் விரைந்து குறைவதாகவும் இருக்கும்.

அம்பாசடர் கார் உத்தரபாராவிலும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையிலும் உருவான நாட்களில், புதுக் காரின் எண்ணெயை 500 மைலில் மாற்றுவது பொது வழக்கம். காரின் பின்புறத்தில் ‘புது வண்டி, முந்திச் செல்லுங்கள்’ என்ற கருத்தில் அட்டை எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டியவர்களும் உண்டு. அதற்குக் காரணமும் இருந்தது. அக்காலத்து உலோக வேலைப்பாட்டில் மேடுபள்ளங்கள் மிகுதி. பழைய இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெயின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டியின் வழியே சென்றது. துகள்கள் எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்து பேரிங்குகளை அரித்தன. பெரியவர் சொல்லும் 500 என்ற கணக்கு அந்தக் காலத்தின் அனுபவம். அம்பாசடரின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. கணக்கு மட்டும் நிற்கவில்லை.

இன்றைய கார்களில் சிலிண்டரைக் கடைந்து மெருகிடும் பொறிகள் மிகத் துல்லியமானவை. எண்ணெய் முழுவதும் வடிகட்டியின் வழியாகவே பேரிங்குகளுக்குச் செல்கின்றது. எண்ணெயின் தரமும் பன்மடங்கு உயர்ந்துள்ளது. ஆகவேதான் நம் நாட்டில் விற்கும் கார்கள் பலவற்றின் கையேடுகள், 1,000 கிலோமீட்டரில் பரிசோதனைக்கு மட்டும் வரச்சொல்லி, எண்ணெய் மாற்றத்தை 10,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கோ ஓர் ஆண்டுக்கோ தள்ளி வைக்கின்றன. இவ்விரண்டில் எது முந்துகின்றதோ அதுவே கெடு. வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை சென்று திரும்பும் காரின் எண்ணெய், ஓடாமலே கெடும். இயந்திரம் நன்கு சூடேறுமுன் நிறுத்தப்படுவதால் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். அத்தகையவர்கள் கிலோமீட்டரை மறந்து மாதத்தை எண்ணுதல் வேண்டும்.

அப்படியாயின் கையேடு சொல்வதற்கு முன்னரே ஒருமுறை மாற்றுவதால் தீங்கு உண்டா? என் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் தீங்கு இல்லை. ஓரளவு நன்மையும் உண்டு. வடிகட்டியும் மிக நுண்ணிய துகளைப் பிடிப்பதில்லை அன்றோ? காரைப் பதினைந்து ஆண்டு வைத்திருக்கக் கருதுவோர், 2,000 முதல் 5,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிக்கொண்டால், அது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிடுவோருக்கு அது வேண்டுவதில்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஹோண்டா போன்ற சில கம்பெனிகள், தொழிற்சாலையில் ஊற்றிய முதல் எண்ணெயை முன்கூட்டி மாற்ற வேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ளன. ரிங்குகள் படிவதற்கு உதவும் பொருள்கள் அதில் கலந்திருக்கும் என்பது காரணம். ஆகவே முதலில் கையேட்டைப் படித்துவிட்டுப் பின்னரே திருகைக் கழற்ற வேண்டும். வண்டிக்கு விலை கொடுத்தபோது கையேட்டுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம். அதனை உறையோடு பூசை அறையில் வைப்பதனால் பயனில்லை.

காரின் நியாயத்தை மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் பொருத்திப் பார்த்து ஏமாறுவோரே நம்மில் மிகுதி. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் இயந்திரம், கிளச்சு, பற்சக்கரங்கள் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. புதிய பற்சக்கரம் உதிர்க்கும் பொடியும், கிளச்சுத் தகடு உதிர்க்கும் தூளும் அதே ஒரு லிட்டர் அளவான எண்ணெயில்தான் கலக்க வேண்டும். அதனால் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முதல் மாற்றத்தைக் கையேடே கட்டாயமாக்கும். நெய்த சேலைகளைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு வாரந்தோறும் சங்கத்துக்கு வந்துபோகும் நெசவாளருக்கு அந்தத் தொலைவு ஒன்றிரண்டு மாதங்களில் முடிந்துவிடும். இலவச சர்வீசுதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடுதல் கூடாது.

டிராக்டருக்குக் கணக்கு மணியில். முதல் எண்ணெய் மாற்றம் பெரும்பாலான டிராக்டர்களில் 50 மணி ஓடியதும். அதன்பின் சுமார் 250 மணிக்கு ஒருமுறை. இந்த 50 மணியைப் பலர் நெடுங்காலம் என்று நினைக்கின்றனர். நடவுப் பருவத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சேற்றுழவு ஓட்டினால், ஏழாம் நாளில் ஐம்பதும் கடந்துவிடும். தண்ணீர் முறை வந்து, அண்டை வயலுக்கும் வாடகைக்கு ஒப்புக்கொண்டு, ஓட்டம் நில்லாமல் நடக்கும் வாரமும் அதுவே. அப்போது மணிமானியை யார் பார்க்கின்றார்? பருவம் முடிந்து பார்க்கும்போது அது 180-ஐக் காட்டும். முதல் 50 மணியில் உதிர்ந்த இரும்புப் பொடியோடு மேலும் 130 மணி உழைத்திருக்கும் இயந்திரம். அதன் கேடு அந்த ஆண்டு தெரியாது; சில ஆண்டுகள் கழித்துப் புகையாகவும் எண்ணெய்ச் செலவாகவும் தெரியும். புது டிராக்டர் வாங்கியவர், மணிமானிக்குப் பக்கத்தில் ‘50’ என்று வண்ணத்தால் எழுதிவைப்பது நல்லது. அதே தறுவாயில் சக்கரத் திருகுகளை இறுக்குவதும், கையேடு குறிக்கும் மற்ற வடிகட்டிகளை மாற்றுவதும் உண்டு.

இறைக்கும் எண்ணெய் இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. புதிது என்பதால் பாரம் ஏற்றாமல் வெறுமனே நெடுநேரம் ஓடவிடுவதைச் சிலர் இயந்திரத்துக்குச் செய்யும் உபகாரம் என்று கருதுகின்றனர். அது உபகாரமன்று. வாயுவின் அழுத்தம் இருந்தால்தான் ரிங் சுவரில் பதியும். அழுத்தமின்றி ஓடினால் சுவர் பளபளத்து மெருகேறி, எண்ணெய் தங்க இடமின்றிப் போகும். பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்குவதே முறை. காருக்கும் அப்படியே: முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு செல்லாமலும், முழு வேகம் எடுக்காமலும், கூடுதல் கியரில் திணறவிடாமலும், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும்.

அண்மையில் நானறிந்த ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். துணிக்கட்டுகளை ஏற்றிச் செல்ல அவர்கள் ஒரு புதிய டீசல் வேன் வாங்கினர். முதல் பரிசோதனையில் எண்ணெயை மாற்றாமல் அனுப்பியது ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, எண்ணெய் கருத்துவிட்டது; புது வண்டியைப் பாழாக்கலாமா?” என்று செயலாளரிடம் முறையிட்டு, கடைத்தெருவில் கிடைத்த தடித்த எண்ணெயை ஊற்றிவிட்டார். அவருடைய நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் டீசல் எண்ணெய் சில நாட்களிலேயே கருப்பது இயல்பு. நிறத்தைக் கொண்டு அதன் தரத்தை அளக்க இயலாது. மேலும் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி உருவான டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் உள்ளது. சாம்பல் குறைந்த எண்ணெயையே அது தாங்கும். மற்ற எண்ணெயின் சாம்பல் அதில் தங்கி அடைத்துவிடும். ஆண்டு முடியுமுன் அந்த வடிகட்டி அடைபட்டது. உத்தரவாதத்தின் பேரில் மாற்றிக் கேட்டபோது, ஊற்றிய எண்ணெயின் ரசீது எங்கே, அதன் தரக்குறி யாது என்று கேட்டனர். கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘எண்ணெய்’ என்று மட்டும் இருந்தது. எண்ணெய்தான் காரணமோ, வேறு பழுதோ என்று வாதாடவும் இடமின்றிப் போயிற்று. செலவு முழுவதும் சங்கத்தின் தலையில் விழுந்து, அவ்வாண்டு பொதுக்குழுவில் தணிக்கைக் குறிப்பாகவும் வந்தது. கையேட்டில் அச்சிட்டுள்ள தரக்குறியைப் பார்த்து வாங்கி, வண்டி எண், ஓடிய தொலைவு, தரக்குறி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கியிருந்தால், அதே ஓட்டுநரின் ஆர்வம் சங்கத்துக்கு நன்மையாகவே முடிந்திருக்கும்.

மாற்றும்போது இயந்திரம் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முதல் எண்ணெயை வெள்ளைத் துணியிலோ தட்டிலோ சிறிது ஊற்றிப் பார்க்கலாம். வெயிலில் பளபளக்கும் மாவு போன்ற பொடி இருந்தால் அஞ்ச வேண்டா. விரலில் உறுத்தும் சில்லுகள் இருந்தால் உடனே விற்றவரிடம் காட்ட வேண்டும். புதிய எண்ணெய் அளவுக் கம்பியின் மேற்குறியைத் தாண்டக் கூடாது. குறைவு எவ்வளவு கெடுதியோ மிகுதியும் அவ்வளவு கெடுதி. முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் சிறிது எண்ணெய் எரிவது உண்டாதலால், வாரம் ஒருமுறை அளவுக் கம்பியைப் பார்த்துவருதல் அவசியம்.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பு ஓரத்திலோ கொட்டும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஒரு காரில் ஒருமுறை வடிக்கும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. டிராக்டரிலிருந்து வடிவது அதனினும் மிகுதி. கொட்டும் இடமோ நம் கிணற்றடி. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளும் அதனை அபாயக் கழிவாகவே கொள்கின்றன. பழைய கேனில் அடைத்துப் பட்டறையிலோ, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்புவோரிடமோ கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கேனை நூல் சிப்பங்களோடு ஒரே வேனில் ஏற்றி அனுப்பாதீர்கள். கருத்த எண்ணெய் பட்ட நூல் எந்தச் சாயத்துக்கும் ஒளியாது.