சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

மெடிக்கல் ஷாப்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழை மாட்டியிருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கடையில் நிற்கிறாரா என்று நாம் பார்ப்பதில்லை. பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். 2014 மார்ச்சில் நடப்புக்கு வந்த எச்-1 அட்டவணை, வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, டிரமடால் என 46 மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு காக்கச் சொன்னது. நோயாளியிடம் பேசி விளக்குவதும் மருந்தாளுநரின் கடமைதான் என்றன 2015-இன் நடைமுறை விதிகள். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், “ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க” என்று கேட்டால் கத்தரிக்கோல் அட்டையை நறுக்குகிறது. காலாவதித் தேதி ஒரு துண்டோடு கடையில் தங்கிவிட, மாத்திரை மறு துண்டோடு வீட்டுக்குப் போகிறது.

ஆய்வாளர்கள் போதவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். கடைக்கு வரும்படி விற்ற மாத்திரையில் இருக்கிறது. ‘இது உங்களுக்கு வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்’ என்று ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லி அனுப்பினால் நேரமும் போச்சு, வியாபாரமும் போச்சு. பேச்சுக்குக் காசில்லாத இடத்தில் படித்தவருக்கு முழுச் சம்பளம் கொடுப்பானேன் என்று முதலாளி கணக்குப் போடுகிறார். சான்றிதழ் மட்டும் வாடகைக்கு வருகிறது. கெடுபிடியை மட்டும் கூட்டினால் பதிவேடு இன்னும் அழகாக நிரம்பும், அவ்வளவே. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31-இல் தொடங்கிய ‘பார்மசி ஃபர்ஸ்ட்’ திட்டம் இந்தக் கணக்கையே மாற்றியது. தொண்டை வலி, காது வலி உள்ளிட்ட ஏழு சில்லறை நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து முடிவு செய்யலாம். தொடக்கத்தில் ஓர் ஆலோசனைக்கு 15 பவுண்டு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தத் தொகை உண்டு.

டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க முடியாத ஏழைக்கு மெடிக்கல் ஷாப்தானே ஆஸ்பத்திரி, அங்கும் கெடுபிடி செய்தால் அவர் எங்கே போவார் என்பார்கள். நியாயமான கேள்வி. அவருக்கு இருக்கும் ஒரே வாசல் அதுதான் என்றால், அங்கே விவரம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டிய அவசியம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இங்கிலாந்தின் கஜானா நம்மிடம் இல்லை என்பதும் மெய்தான். ஆலோசனைக்கான தொகையை எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி 24-இல் 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. தொழில்முனைவோர் நடத்தும் கடைகளுக்கு 3 லட்ச ரூபாய் மானியம். கடை வைக்கப் பணம் கொடுத்த அரசு, அங்கே நோயாளியிடம் பேசுவதற்கும் ஒரு தொகை ஒதுக்கிப் பார்க்கட்டும்.