கடையை மூடினால் குடி நின்றுவிடுமா?

"அந்தக் கடையை மட்டும் மூடிட்டா என் குடும்பம் பொழைச்சுக்குமுங்க அக்கா!"

அமராவதி நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் சனிக்கிழமைதோறும் இப்படித்தான் புலம்புவாள். புருஷனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை அரிசிக்குக் கடன்! நானும், "ஆமா கண்ணு, மூடத்தான் வேணும்" என்பேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. கடையை நிஜமாகவே மூடிவிட்டார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் ராத்திரி கதவைத் தட்டினாள். அவருக்குக் கை நடுக்கம், வியர்வை. சுவரில் பூச்சி ஊறுகிறது என்று அலறினார். பிறகு வலிப்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "தினமும் குடித்த உடம்பு. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இது வியாதிம்மா, வைத்தியம் வேணும்."

அன்றுதான் யோசித்தேன். நம் மாநிலத்தில் எத்தனை முறை மூடித் திறந்திருக்கிறார்கள்! 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கடைகளைத் திறந்தார்கள். 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். மூடிய காலத்தில் கள்ளச்சாராயம் ஓடியது. திறந்தபோதாவது ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

போர்ச்சுகல் நாட்டில் 2001 முதல், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருப்பவரை ஜெயிலுக்கு அனுப்புவதில்லை, சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். விற்பவருக்குத் தண்டனை உண்டு. நம் சென்னையிலும், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-லேயே குடிநோயாளிகளுக்கென்று சிகிச்சை மையம் தொடங்கினார்.

சகோதரிகளே, கடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடினாலும் திறந்தாலும், வீட்டில் இருக்கும் நோயாளிக்கு வைத்தியம் வேண்டுமே! அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். சோற்றில் தெரியாமல் மாத்திரை கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிரே போகலாம். கை நடுக்கத்தோடு உளறலோ வலிப்போ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரர் நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தார். அவள் சண்டை போடவில்லை; மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். "காய்ச்சல் திரும்பி வந்தா மருந்து கொடுக்க மாட்டோமுங்களா அக்கா?" என்றாள்.

போன சனிக்கிழமை சம்பளக் கவர் பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்ததாம்.